ஊசி வாங்க அடையாள அட்டை

அமெரிக்காவுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்றொரு ஊர். ஜனத்தொகை சுமார் 400. தேர் இழுத்தால் வடம் பிடிக்க வெளியூரிலிருந்து ஆள் கூப்பிட வேண்டிய ஊர். அங்கிருந்த ஒரு மருந்துக்கடைக்கு இரண்டே வருஷத்தில் வந்து இறங்கிய ஹைட்ரோகோடோன் வலி மாத்திரைகள் கிட்டத்தட்ட 90 லட்சம். அந்த மாநிலம் முழுமைக்கும் 2007 முதல் 2012 வரை ஆறு வருஷத்தில் போய்ச் சேர்ந்த ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் மாத்திரைகள் 78 கோடி. தொட்டில் குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு 433.

சித்திரகுப்தன் எழுதிய ஏடு இல்லை இது. மாத்திரையை அனுப்பிய மொத்த வியாபாரிகளே பதிவு செய்து, டி.ஈ.ஏ. என்னும் மத்திய போதைத் தடுப்புத் துறைக்குக் கொடுத்த கணக்கு. துறையின் கணினியில் அது சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சார்ல்ஸ்டன் நகரத்து நாளிதழ் ஒன்றின் நிருபர் எரிக் ஐர் அதைக் கிளறி எடுத்து 2016-ல் அச்சில் போட்டார். அடுத்த வருஷம் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மாத்திரை தின்று செத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். அது வேறு துறை.

மாத்திரை விற்கிறவனிடம் இருந்த கணக்கு இன்னும் நுணுக்கமானது. எந்த டாக்டர் எத்தனை சீட்டு எழுதுகிறார், யார் கை தாராளம், யாருக்கு இன்னொரு விருந்து வைத்தால் பேனா வேகமாக ஓடும் என்பதெல்லாம் விற்பனைப் பிரதிநிதியின் விரல்நுனியில் இருந்தது. கணக்குப் போடுவதில் இந்த நாட்டை மிஞ்ச ஆள் கிடையாது.

சரி, அதே மாநிலத்தில் எத்தனை பேர் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருக்கிறது என்று கேளுங்கள். உடனே எல்லாரும் தொண்டையைச் செருமுவார்கள்.

பயன்படுத்திய ஊசி வழியாக ரத்தத்தில் புகும் வைரஸ் இது. புகுந்ததும் ஆர்ப்பாட்டம் செய்யாது. பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதுகூட இல்லை. இருபது முப்பது வருஷம் உள்ளேயே இருந்து சிலருக்குக் கல்லீரலைக் கல்லாக்கும், இன்னும் சிலருக்குப் புற்றுநோயாக்கும். இப்படிப்பட்ட நோயைக் கண்காணிக்க அந்த நாடு வைத்திருந்த ஏற்பாடு என்ன தெரியுமா? உடம்புக்கு ஒன்றும் செய்யாத மனிதன், தானே கிளம்பி டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர் முதல் பரிசோதனைக்கு எழுத வேண்டும். எதிர்ப்பொருள் இருக்கிறது என்று வந்தால், அது பழைய தொற்றா இப்போதைய தொற்றா என்று பார்க்க இரண்டாம் பரிசோதனை. அதற்கு அவன் மறுபடியும் வர வேண்டும். பஸ் கிடையாது, கார் போன மாசமே விற்றாயிற்று. வந்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகம் முடிவை சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கே காசநோய், கக்குவான், உணவகச் சோதனை எல்லாவற்றுக்கும் பொறுப்பான யாரோ ஒருவர் அதை எடுத்து, தொற்று புதிதா என்று விசாரித்து, படிவத்தை நிரப்ப வேண்டும். இத்தனை கண்ணியில் ஒன்று அறுந்தாலும் அந்த மனிதன் கணக்கில் இல்லை.

அறிவிக்கப்படும் ஒரு புதுத் தொற்றுக்கு உண்மையில் எத்தனை தொற்று இருக்கும் என்று நாட்டின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யே ஒரு பெருக்கல் எண் வைத்திருந்தது: 13.9. எத்தனை பேரைத் தவறவிட்டோம் என்பதைத் தசமப் புள்ளி சுத்தமாகச் சொல்லத் தெரிகிறது. தவறவிடாமல் இருக்கத்தான் தெரியவில்லை.

2012-ல் அந்த மையம் ஒரு பெரிய அறிவிப்பு வெளியிட்டது: 1945-க்கும் 1965-க்கும் இடையே பிறந்த எல்லாரும் ஒருமுறை ஹெபடைடிஸ் சி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நல்ல அறிவிப்புதான், பெரியவர்களிடம் பழைய தொற்று நிறைய இருந்தது. ஆனால் அதே சமயத்தில் கென்டக்கி, டென்னஸி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா ஆகிய நான்கு மாநிலங்களில் 30 வயதுக்கு உட்பட்டவர்களிடம் புதுத் தொற்று 2006 முதல் 2012-க்குள் 364 சதவீதம் ஏறியிருந்தது. தாத்தாவின் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேரன் பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். ஊசி போடுகிறவர்களைச் சோதிக்க வேண்டும் என்ற சிபாரிசு 1998 முதல் ஏட்டில் உண்டு. அதற்கு அவன் டாக்டர் முகத்தைப் பார்த்து ‘நான் ஊசி போடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். சிரிஞ்சு வைத்திருந்தாலே சிறை என்று சட்டம் வைத்திருக்கிற ஊரில் எந்தப் பைத்தியக்காரன் அப்படிச் சொல்வான்?

இந்தப் பையன்கள் ஊசிக்கு எப்படி வந்தார்கள் என்பதும் ஒரு தொழில்நுட்பச் சாதனைக் கதை. 1996-ல் பர்டூ ஃபார்மா என்ற நிறுவனம் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவந்தது. மருந்து மெதுவாக இறங்குவதால் போதைக்குப் பயன்படும் வாய்ப்பு குறைவு என நம்பப்படுவதாக அதன் விவரக் குறிப்பிலேயே அச்சிட அரசின் மருந்து ஒழுங்குமுறைத் துறை அனுமதித்தது. நம்பப்படுகிறதாம். யார் நம்பினார்கள் என்று கேட்கக் கூடாது. அந்த மருந்தைப் பரிசீலித்த அதிகாரி பிற்பாடு அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார், அவராவது நம்பியிருப்பார். 2007-ல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலர் கட்டியது, மறுநாள் கடை திறந்தது. 2010-ல் மாத்திரையைப் பொடிக்க முடியாதபடி மாற்றியது. பொடித்து மூக்கில் இழுத்தவர்களில் பலர் ஹெராயினுக்கும் ஊசிக்கும் போனார்கள். 2019-ல் வெளியான ஓர் ஆய்வு இதை மாநில வாரியாகப் பார்த்தது. ஆக்ஸிகான்டினைத் தவறாகப் பயன்படுத்தியது அதிகமாக இருந்த மாநிலங்களில் மாற்றத்துக்குப் பிறகு ஹெபடைடிஸ் சி 222 சதவீதம் ஏறியது. மற்ற மாநிலங்களில் 75. மாத்திரையை மட்டும் கெட்டியாக்கினார்கள். அதற்குப் பழகிப்போன ஆளுக்கு என்ன வழி என்று யோசிக்க ஆள் இல்லை, அதில் லாபமும் இல்லை.

இதே கதை வேறு மாத்திரையோடும் நடந்தது. இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி, நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டம். அதில் ஆஸ்டின் என்று ஓர் ஊர், 4,200 பேர், ஒரே ஒரு டாக்டர். அங்கே புழங்கியது எண்டோ நிறுவனத்தின் ஒபானா ஈ.ஆர். என்ற மாத்திரை. அதையும் 2012-ல் பொடிக்க முடியாதபடி மாற்றியிருந்தார்கள். மூக்கால் இழுக்க முடியாதென்றால் என்ன, சமையலறை இருக்கிறதே! மாத்திரையை உடைத்து, குழாய்த் தண்ணீர் விட்டு, சூடு காட்டிக் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள். ஒரு மாத்திரையைப் பங்கு போட்டார்கள். கரைத்த கிண்ணமும் சிரிஞ்சும் ஒன்றே. போதை சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு 4 முதல் 15 தடவை. ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை வரை ஒன்றாக உட்கார்ந்து ஊசி போட்டதை சி.டி.சி. தன் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது. புது சிரிஞ்சின் விலை சில சென்ட். அதை வைத்திருந்து பிடிபட்டால் இரண்டரை வருஷம் வரை உள்ளே போகலாம். ஆகவே பழையதையே முனை மழுங்கும்வரை சுற்றுக்கு விட்டார்கள். அரசாங்கம் நினைத்தால் இதைவிடச் சிறப்பாக ஒரு வைரஸை வளர்த்திருக்க முடியாது.

ஹெபடைடிஸ் சி 2010, 2011-லேயே அந்தப் பக்கம் ஏறத் தொடங்கிவிட்டது. ஊசி கை மாறாமல் அது ஏறாது. ஊசி கை மாறும் இடத்துக்கு எச்.ஐ.வி. வந்தால் நிற்காது. இதைத் தெரிந்துகொள்ள ஞானதிருஷ்டி வேண்டியதில்லை, பொதுச் சுகாதாரப் பாடப்புத்தகத்தின் முதல் சில பக்கங்கள் போதும். ஸ்காட் கவுண்டி என்ன செய்தது? அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டிருந்த ஒரே இடம் ப்ளான்ட் பேரன்ட்ஹூட் என்ற குடும்பக் கட்டுப்பாட்டு அமைப்பின் கிளினிக். 2013-ல் அதுவும் மூடப்பட்டது. அங்கே கருக்கலைப்புகூடச் செய்வதில்லை. ஆனால் அந்தப் பெயர்ப்பலகையே மாநில அரசியல்வாதிகளுக்கு ஆகாது, நிதி வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தது. விளக்கை அணைத்தாயிற்று, இனி இருட்டு யார் கண்ணுக்கும் படாது.

2004 முதல் 2013 வரை பத்து வருஷத்தில் அந்தக் கவுண்டியில் எச்.ஐ.வி. தொற்று ஐந்து. 2015 முடிவதற்குள் 181. பிறகு அது 230-ஐத் தாண்டியது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் ஹெபடைடிஸ் சியும் இருந்தது. வைரஸ்களின் மரபணுவைப் படித்துப் பார்த்த சி.டி.சி. ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் சி அந்த ஊருக்குள் பல தடவை வந்து பரவி ஏற்கெனவே வலை பின்னி வைத்திருந்தது என்றும், அந்த வலை வழியாகத்தான் எச்.ஐ.வி. அவ்வளவு வேகமாக ஓடியது என்றும் பிறகு எழுதினார்கள். பிறகுதான். செத்த பிறகு ஜாதகம் பார்ப்பதில் அந்த நாட்டு விஞ்ஞானத்துக்கு நிகர் இல்லை.

அப்போது கவர்னர் மைக் பென்ஸ். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கும் ஊசி மாற்றுத் திட்டத்துக்குக் கொள்கை அளவில் எதிரி. ஊர் பற்றி எரிகையில் ஷெரிஃப் வந்து கெஞ்சினார். கவர்னர் பிரார்த்தனை செய்து முடிவெடுப்பதாகச் சொன்னார் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பிரார்த்தனையை நான் கேலி செய்யவில்லை. நம் ஊரிலும் பூ கட்டிப் பார்த்துவிட்டுத்தான் பலர் ஆபரேஷனுக்குப் போகிறார்கள். ஆனால் பூ கட்டிப் பார்க்கிறவர் பக்கத்துப் படுக்கை நோயாளியின் மருந்தை நிறுத்தி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவதில்லை. ஜனவரியில் தெரிந்த கொள்ளைநோய்க்கு மார்ச் 26-ல் அவசரநிலை வந்தது. அதுவும் ஒரு கவுண்டிக்கு மட்டும், 30 நாளைக்கு மட்டும். முப்பதாம் நாள் வைரஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும் என்று கணக்கு. கிளம்பவில்லை. நீட்டித்தார்கள், மே மாதம் சட்டமே கொண்டுவந்தார்கள். 2018-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டார்கள்: 2013 தொடக்கத்திலேயே நடவடிக்கை எடுத்திருந்தால் 56 பேருக்குள் நின்றிருக்கும், ஹெபடைடிஸ் சி ஏறிய 2011-லேயே எடுத்திருந்தால் பத்துப் பேருக்குள். தும்பை விட்டு வாலைப் பிடித்த அந்தக் கவர்னர் துணை ஜனாதிபதி ஆனார். 2020 பிப்ரவரியில் கொரோனா வந்தபோது தடுப்புக் குழுவுக்குத் தலைவராக நாடு அவரைத்தான் போட்டது. அனுபவஸ்தர் இல்லையா!

தலைநகர் வாஷிங்டனின் கருணையைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். ஊசி மாற்றுத் திட்டங்களுக்கு மத்திய நிதி கூடாது என்ற தடை 1988-ல் வந்தது, 2009-ல் போனது, 2011 கடைசியில் திரும்பி வந்தது. ஸ்காட் கவுண்டி வெடித்தபின் 2015 டிசம்பரில் மனம் இளகினார்கள். புது ஏற்பாடு இது: மத்திய அரசின் பணத்தில் ஊழியருக்குச் சம்பளம் தரலாம், வண்டி வாங்கலாம், பெட்ரோல் போடலாம், ஆலோசனை சொல்லலாம். ஊசி மட்டும் வாங்கக் கூடாது. சாப்பாடு பரிமாறலாம், அரிசி மட்டும் வாங்காதே. ஊசி விநியோக வண்டிக்கு ஊசியைத் தவிர மற்றெல்லாம் வாங்கித் தரும் வள்ளல்தன்மையைப் பாரி, ஓரி காலத்திலும் யாரும் கேள்விப்பட்டதில்லை.

மேற்கு வர்ஜீனியாவுக்குத் திரும்புவோம். சார்ல்ஸ்டன் நகரில் சுகாதாரத் துறை நடத்திய ஊசி மாற்றுத் திட்டத்தைப் போதைக்காரர்களின் அங்காடி என்கிற தோரணையில் மேயரே ஏசினார். 2018-ல் திட்டம் நின்றது. மூன்று வருஷத்தில் அந்த நகரம் இருக்கும் கவுண்டியில் எச்.ஐ.வி. பரவியது. 2021 பிப்ரவரியில் சி.டி.சி. அதிகாரி ஒருவர், நாட்டிலேயே மிகக் கவலைக்குரிய எச்.ஐ.வி. பரவல் இதுதான் என்று எச்சரித்தார். மாநிலம் சும்மா இருக்குமா? இரண்டே மாதத்தில் சட்டம் போட்டது. சட்டத்தைத் தண்டோரா போட்டிருந்தால் இப்படித்தான் கேட்டிருக்கும்:

‘இதனால் சகலமான ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், புது ஊசி வேண்டுவோர் இம்மாநிலத்தவர் என்பதற்கு அடையாள அட்டை கொண்டுவர வேண்டும். வீடு இல்லாதவர்கள் வீட்டு விலாசத்துக்கு ஆதாரம் காட்டி அட்டை பெற்றுக்கொள்ளலாம். ஒரு புது ஊசிக்கு ஒரு பழைய ஊசி. பழைய ஊசியோடு வரும் வழியில் போலீஸ் பிடித்தால் அரசு பொறுப்பல்ல. வைரஸ்களுக்கு அடையாள அட்டை தேவையில்லை. வெளிமாநில வைரஸ்களுக்கும் எல்லையில் தடையில்லை. டும், டும், டும்.’

அடையாள அட்டையும் ஒன்றுக்கு ஒன்று என்ற இலக்கும் கவர்னர் ஜிம் ஜஸ்டிஸ் கையெழுத்திட்ட சட்டத்தில் உள்ளவை. மிச்சம் என் கைச்சரக்கு. எது எதுவென்று பிரித்துச் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிட்டதே, அங்கதம் எழுதுகிறவனுக்கு இதைவிட அவமானம் உண்டா? தலைக்கு 433 மாத்திரை இறக்கியபோது எந்த லாரியையும் மறித்து அட்டை கேட்காத மாநிலம் அது.

இவ்வளவுக்கும் இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. தணிக்கிற மருந்து இல்லை, வைரஸையே ஒழிக்கிற மருந்து. தினம் ஒரு வேளை மாத்திரை, பெரும்பாலோருக்கு 12 வாரத்துக்குள் தீரும். வைரஸைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2020-ல் நோபல் கொடுத்தார்கள். சாமி வரம் கொடுத்துவிட்டது, இனி பூசாரி. கிலியட் நிறுவனம் 2013 டிசம்பரில் சோவால்டி என்ற இந்த மருந்தை இறக்கியது. பட்டியல் விலை ஒரு மாத்திரை 1,000 டாலர், முழுச் சிகிச்சை 84,000 டாலர். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்கு மயக்கம் வந்தது. பல மாநிலங்கள் வரிசையைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தன: கல்லீரல் நன்றாகத் தழும்பேறியவர்களுக்கு மட்டும் மருந்து. மற்றவர்கள் வீட்டுக்குப் போய் ஒழுங்காகக் கெட்டபின் வரவும். கூடவே இன்னொன்று, ஆறு மாதம் போதையைத் தொடாமல் இருந்ததற்கு அத்தாட்சி. யாரிடமிருந்து அடுத்தவனுக்குப் பரவுமோ அவனுக்கு மருந்து இல்லை என்பது விதி. கொசு ஒழிப்பில் சாக்கடையைத் தவிர மற்ற இடத்திலெல்லாம் மருந்தடிக்கிற நகராட்சி நம்மிடமும் உண்டு. ஆனால் அவர்கள் அதைச் சட்டமாக எழுதி வைப்பதில்லை.

அதே மருந்தைக் கிலியட்டின் உரிமத்தோடு ஹைதராபாத் நாட்கோ நிறுவனம் 2015-ல் இந்தியாவில் விற்றபோது 28 மாத்திரைப் புட்டி 19,900 ரூபாய். மூன்று புட்டி, முழுச் சிகிச்சை, 59,700 ரூபாய். அன்றைய மாற்று விகிதத்தில் அது அமெரிக்காவில் ஒரே ஒரு மாத்திரையின் விலையைக்கூட எட்டவில்லை. அமெரிக்காவிலும் பிறகு போட்டி வந்து விலை இறங்கியது, விதிகளும் மெல்லத் தளர்ந்தன. அப்படியும் 2013 முதல் 2021 வரை தொற்று கண்டறியப்பட்டவர்களில் 2022 முடிவதற்குள் வைரஸ் நீங்கியதற்கு ஆதாரம் உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்கு, 34 சதவீதம். கண்டறியப்பட்டவர்களிலேயே இவ்வளவுதான். கண்டறியப்படாதவர்களை 13.9 என்ற அந்தப் புண்ணிய எண் பார்த்துக்கொள்ளும்.

எண்ணினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நோயாளி என்று ஏட்டில் ஏறியவனுக்கு மருந்து கேட்பார்கள், மருந்துக்குப் பணம் கேட்பார்கள், பணம் ஏன் இல்லை என்று நிருபர் கேட்பார். ஏட்டில் ஏறாதவன் அமைதியாக 45 வயதில் சாவான். இறப்புச் சான்றிதழில் கல்லீரல் செயலிழப்பு என்று இருக்கும். சவ அடக்கத்தில் பாதிரியார், பாவம், வழி தவறிய பிள்ளை என்பார். வழி போட்டுக் கொடுத்தவர்களின் பெயர் 2021 டிசம்பர் வரை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் சுவர்களில் பொறித்திருந்தது. பர்டூவின் முதலாளிகளான சாக்லர் குடும்பம் கலைப் புரவலர்கள்.

ஸ்காட் கவுண்டியில் ஊசி மாற்றுத் திட்டம் வேலை செய்தது. புது எச்.ஐ.வி. தொற்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தது. திட்டம் வெற்றி பெற்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும்? மூட வேண்டும். 2021 ஜூனில் கவுண்டி ஆணையர்கள் கூடினார்கள். 2015-ல் மாநில சுகாதார ஆணையராக இருந்து, பிறகு நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியான ஜெரோம் ஆடம்ஸ் நேரில் வந்து வேண்டாம் என்று மன்றாடினார். போதைக்காரனுக்கு ஊசி கொடுப்பது குடிகாரனுக்கு விஸ்கி வாங்கிக் கொடுப்பது மாதிரி என்கிற வாதம் அங்கே எடுபட்டது. இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் திட்டம் முடிந்தது.

2025 ஏப்ரலில் சி.டி.சி.யில் ஆட்குறைப்பு நடந்தபோது, எந்த ஹெபடைடிஸ் எங்கிருந்து யாருக்குத் தாவியது என்று மரபணு படித்துச் சொல்கிற ஆய்வகத்தின் விஞ்ஞானிகளுக்கும் கடிதம் போனது. அந்த வேலையை வேறு யாரும் அந்த நாட்டில் அப்படிச் செய்வதில்லை. ஜூனில் பலரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நடுவில் வைரஸுக்கு விடுமுறை விட்டிருந்தார்களா என்று தெரியவில்லை.

ஸ்காட் கவுண்டி வெடித்த பிறகு சி.டி.சி. ஒரு பட்டியல் தயாரித்தது. இதே மாதிரி எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சியும் ஊசி வழியாகக் காட்டுத்தீயாகப் பரவக்கூடிய கவுண்டிகள் எவை என்று 26 மாநிலங்களில் 220 பெயர்களை வரிசைப்படுத்தி 2016-ல் வெளியிட்டது. பாதிக்கு மேல் கென்டக்கி, டென்னஸி, மேற்கு வர்ஜீனியாவில் உள்ளவை. முதலிடம் கென்டக்கியின் வுல்ஃப் கவுண்டிக்கு. 230-க்கு மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. கொடுத்த ஸ்காட் கவுண்டிக்கு அந்தப் பட்டியலில் 32-ஆம் இடம். அதைவிட மோசமான நிலையில் 31 கவுண்டிகள் அதற்கு மேலே இருக்கின்றன, பெயர் பெயராக, அச்சில். இனி அவற்றில் எது வெடித்தாலும் எங்களுக்குத் தெரியாது என்று எந்தக் கவர்னர் சொன்னாலும், அவர் பொய் சொல்கிறார்.